வட்டத்துக்கு வெளியே போன தோப்பு

கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்கு ரயில் ஏறிவிடுவாய். அதற்குள் இதை உன்னிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சாப்பிட உட்காரும்போது வாயைத் திறக்கிறேன். உங்கம்மா சாம்பாரை ஊற்றுகிறாள். உப்பு குறைவு என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். பேச்சில் நான் சண்டைக்காரன், அது உனக்குத் தெரியும். எழுதும்போது கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைக்கத் தேவையில்லை. உன்னோடு வேலை பார்க்கப்போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

சுரங்க வெடியில் பறந்த கல் உன் சித்தப்பா தோளில் விழுந்தது என்று கேட்டதும் ஊர் பதறியது. அந்த வெடிக்கு ஆபத்து வட்டம் போட்டது அவனுடைய அண்ணன் நான்தான் என்று தெரிந்ததும் அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. விஷயம் விளங்கிவிட்டதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் சித்தி என்னைப் பார்த்து அழவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய அக்காவிடம், எனக்குக் கேட்கும்படி, "பெரியவரு பங்கு கேட்டுப் பாத்தாரு, கெடைக்கல. இப்ப கல்லு வுட்டு வாங்கிக்கிறாரு" என்றாள். நான் ஏதாவது பதில் சொல்வேன் என்று அந்த அக்கா என் முகத்தையே பார்த்தாள். வெளியே வந்து டீ வாங்கினேன். டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸை நீட்டிக்கொண்டே, "கேஸு கீஸுன்னு போவாம பாத்துக்குங்க சார். அண்ணன் தம்பின்னா இருக்கறதுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். டீ என் சட்டையில் கொட்டியது.

வீட்டுக்கு வந்தால் நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்தாய். பிறகு மெதுவாக, "அப்பா, வேணும்னு பண்ணலல்ல?" என்றாய். கயல், அந்தக் கேள்விக்கு உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் பெற்று வளர்த்த பெண்ணுக்கே இது கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றியிருக்கிறது என்றால், இத்தனை வருடம் நான் என்னவாக இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன்?

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைய. நான் ஒரு சுரங்கத்தில் வெடிப்புத் திட்டம் போடும் பொறியாளன். பாறையில் குழி போட்டு மருந்து வைத்து வெடிக்கும்போது கல் எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று கணித்து, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து, வரைபடத்தில் ஒரு வட்டம் போடவேண்டும். அந்த வட்டம் எந்தெந்தப் பாதையை வெட்டுகிறதோ அங்கெல்லாம் சிவப்புக்கொடியோடு ஓர் ஆள் நிற்பான். வட்டத்துக்குள் இருக்கும் காட்டிலும் தோப்பிலும் போய் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வருவார்கள். பிறகு சங்கு ஊதும். சங்கு எங்கள் பக்கத்தில் தினசரி சத்தம். கொடிக்காரன் வந்து சொல்லாதவரை அதற்காக யாரும் வேலையை விட்டு எழுந்திருப்பதில்லை. ஆக, உயிர் அந்த வட்டத்தில் இருக்கிறது.

சுரங்கத்துக்குத் தெற்கே என் தம்பியின் முந்திரித் தோப்பு. எங்கள் அப்பாவின் சொத்து. பாகம் பிரித்தபோது அது முழுதும் அவனுக்குப் போனது. "ஒன்னைப் படிக்க வச்சதே ஒன் பங்குதான்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பியும் வாயைத் திறக்கவில்லை. அது அநியாயம் என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன், இந்தக் கடிதத்திலும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவனோடு மட்டுமா? எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலாளராக வந்து உட்கார்ந்தவனோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. ஜெயங்கொண்டத்தில் உன் மாமா வீட்டுக் கல்யாணத்தில், பத்திரிகையை என் கையில் தராமல் உங்கம்மா கையில் தந்தார்கள் என்பதற்காகப் பந்தியிலிருந்து உன்னை எழுப்பிக் கூட்டிவந்தேன். நீ சின்னப் பிள்ளை. "பாயாசம் இன்னும் போடலப்பா" என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாய். இதையெல்லாம் நான் சுயமரியாதை என்று நினைத்திருந்தேன். ஊர் இதற்கு வேறு பெயர் வைத்து, ஒரு நாள் உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறது. கல் விழுந்த அன்று அதை எடுத்து என் முன்னால் போட்டது.

அந்த வட்டம் போடும் புரோகிராமை எழுதியது நீ. பெரம்பலூரில் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கான அழைப்பு வரும்வரை வீட்டில் இருந்தாய். ஆபீஸில் பழைய மென்பொருள் தகராறு செய்கிறது, புதிது வாங்கித் தர மேலாளருக்கு மனமில்லை, மறுபடியும் காம்பஸை எடுத்துக் காகிதத்தில் போடுகிறேன் என்று நான் தினமும் புலம்பியதைக் கேட்டு நீயாகச் செய்ய ஆரம்பித்தாய். அந்த வாரங்கள் இந்த வீட்டில் நல்ல வாரங்கள். சாப்பாட்டு மேசையில் உன் மடிக்கணினி, பக்கத்தில் என் வரைபடங்கள், நாம் இருவரும் கத்திக்கொண்டிருப்போம்.

"இருக்கறது ஒரு மவுசுப்பா. ஆனா அத வச்சி நீங்க நாலு வேல பாக்கணும். ஒண்ணைத் தொட்டு எடுக்கணும், நகத்தணும், புதுசா வரையணும், படத்தையே புடிச்சி இழுத்து அந்தப் பக்கம் பாக்கணும். அதே அமுக்கு, அதே இழுப்பு. எந்த மோடுல இருக்கீங்கன்றதப் பொறுத்து அர்த்தம் மாறும்."

"அதுக்குத்தான் நாலு பட்டன் வச்சிருக்கியே."

"பட்டன் வச்சா ஆச்சா? எந்த பட்டன் அமுங்கி இருக்குன்னு யாரு ஞாபகம் வச்சிக்கிறது? அதான் கேள்வி."

முதலில் நீ எழுதியதில் எல்லாம் திரையின் தலையிலேயே இருந்தது. நகர்த்துகிறானா, ஆம் இல்லை. வரைகிறானா, ஆம் இல்லை. இப்படி நான்கு குறிப்புகள். ஒருநாள் இரண்டு குறிப்பு ஒரே நேரத்தில் ஆம் என்று நின்று, நான் வட்டத்தை நகர்த்தினால் அது போகும் வழியெல்லாம் கோடும் போட்டுக்கொண்டே போனது. நான் சிரித்தேன். நீ அதை அப்படியே அழித்துவிட்டு, எம்.வி.வி.எம். என்ற முறையில் மறுபடி எழுதினாய். எனக்குப் புரியும்படி நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. திரைக்கு எதுவும் தெரியக்கூடாது. இங்கே அமுக்கினார், இவ்வளவு இழுத்தார், விட்டார் என்று நடந்ததை மட்டும் அது பின்னால் சொல்லவேண்டும். பின்னால் இருப்பது வியூ மாடல். நகர்த்துவது ஒரு தனிப் பொருள், கையால் படத்தை இழுப்பது ஒரு தனிப் பொருள். இந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று வியூ மாடலில் ஒரே ஓர் இடத்தில் குறித்திருக்கும். திரை சொல்வதை அவரிடம் தள்ளிவிட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். மோடு மாறினால் ஆளை மாற்று, அவ்வளவுதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஆபீஸே அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொன்னேன். நீ, "ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாய்.

அந்தச் சுத்தமான ஏற்பாட்டில் ஒரு விரிசலை விடவைத்ததும் நான்தான் என்று இப்போது தெரிகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசு. வட்டத்தை இழுத்தால் விட்டு விட்டு வந்தது. "வட்டம் நடுங்குது, நடுங்குது" என்று உன் உயிரை வாங்கினேன். நீ கடைசியில் ஒரு விட்டுக்கொடுப்பு செய்தாய். நகர்த்தும்போது மட்டும் திரையே வட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளட்டும், விட்டபிறகு பின்னால் சொன்னால் போதும் என்று வைத்தாய். நடுக்கம் போய்விட்டது. நானும் மெச்சிக்கொண்டேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வட்டம் போட்டேன். வட்டத்தை வெடிப் புள்ளியின்மேல் நகர்த்தி வைத்தேன். பிறகு கை மோடுக்கு மாறி, தெற்கே இருக்கும் தார்ச்சாலையைப் பார்ப்பதற்காகப் படத்தை மேலே இழுத்தேன். படம் அசையவில்லை. கம்ப்யூட்டர் தொங்குகிறது என்று நினைத்து விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். வந்தது. சாலையில் எப்போதும் இருக்கும் கொடி அடையாளம் இருந்தது. அச்செடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், மேலாளரும் பார்க்காமலே போட்டான். கொடி ஆட்கள் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். தாளில் உன் சித்தப்பாவின் தோப்பு வட்டத்துக்கு வெளியே இருந்தது. அதனால் அங்கே யாரும் போகவில்லை. முந்திரி உதிரும் பருவம். அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். சங்கு ஊதியதும், கொடி வரவில்லை, நமக்கு இல்லை என்று மோட்டார் கொட்டகையில் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். கல் கொட்டகையின் தகட்டைப் பிளந்துகொண்டு அவன் தோளில் இறங்கியது. எலும்பு விட்டுப்போனது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் தலை.

நீ அன்று மாலையே மடிக்கணினியை எடுத்து உட்கார்ந்தாய். வட்டத்தை வைத்தாய், விட்டாய், கை மோடுக்கு மாற்றினாய், இழுத்தாய். எத்தனை தடவை செய்தாலும் சரியாகவே வந்தது. மறுநாளும் பார்த்தாய். கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல், "புரோகிராம்ல தப்பு தெரியலப்பா" என்றாய். அப்போது நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "தெரிஞ்சாலும் சொல்லமாட்டே. புது வேலைக்குப் போறப்போ பேரு கெட்டுடும்ல" என்றேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "ஊர்ல ஒங்கள சொல்றத நீங்க அவள சொல்றீங்க" என்றாள். மேலாளர் விசாரணை என்று தாள் அனுப்பியிருந்தான். திட்டம் போடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டுக் கொடி ஆட்களை மேற்பார்க்கப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் உன்மேல் இறக்கினேன். நீ அழுதுகொண்டு உள்ளே போவாய் என்று நினைத்தேன். நீ நின்றாய். "அன்னிக்கி தொங்குச்சுன்னு சொன்னீங்களே. எப்பத் தொங்குச்சு? எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடி?" என்று கேட்டாய்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நீ என்னோடு ஆபீஸுக்கு வந்தாய். என் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "அன்னிக்கி செஞ்ச மாரியே செய்யிங்க. நா ஸ்கிரீன பாக்கப் போறதில்ல" என்று சொல்லி என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் வட்டத்தை வைத்தேன். கை மோடுக்குப் போனேன். இழுத்தேன்.

"நிறுத்துங்க. திரும்ப."

மறுபடி செய்தேன்.

"மவுஸ விடாமலே எடது கையில மோடு மாத்துற கீய அமுக்குறீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"யாருப்பா அப்படிப் பண்ணுவா? ஏன் விடல?"

"விட்டா ரெண்டு தடவ அமுங்கிக்குது இது. வச்ச புள்ளி எகிறிப் போயிடும். புது மவுஸ் கேட்டேன். மேனேஜர் தரல. நானும் திரும்பக் கேக்கல. மோடு மாத்துற வரைக்கும் விடமாட்டேன். பழகிடுச்சு."

நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு எனக்கு விளக்கினாய். அமுக்கிய விரலை எடுக்காமல் நான் கை மோடுக்கு மாறியதும் வியூ மாடல் ஒழுங்காக ஆளை மாற்றிவிட்டது. கை அடையாளமும் எரிந்தது. பிறகு நான் விரலை எடுத்தபோது, விட்டார் என்ற செய்தி புது ஆளிடம் போனது. அவருக்கு வட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பழைய ஆளிடம் யாரும் சொல்லவில்லை. ஆகவே திரை இன்னும் வட்டத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து நான் படத்தை இழுத்ததாக நினைத்த இழுப்பு முழுவதையும் வட்டம் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டது. அது புது ஆள் தொடங்கி முடித்த இழுப்பு என்பதால், முடிந்ததும் திரை பிடியை விட்டது; இரண்டாவது இழுப்பில்தான் படம் நகர்ந்தது. நீ எனக்குச் செய்துகாட்டினாய். கை அடையாளம் எரிந்துகொண்டிருக்க, வட்டம் சத்தமில்லாமல் மேலே போனது. கொல்லும் ஒரு பொருள் இத்தனை மெதுவாக, இத்தனை சாதுவாக நகரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீ போகிற இடத்தில் உனக்கு இது மறுபடி வரும். உன் மேசையில் எல்லாம் சரியாக நடக்கும், எங்கேயோ ஒருவர் கையில் தவறாக நடக்கும். அவர் சரியாகச் சொல்லத் தெரியாமல், தொங்கியது, ஒட்டிக்கொண்டது, என்னவோ ஆனது என்பார். உன்னோடு இருப்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று கையைப் பார். உன் மவுஸ் நல்ல மவுஸ் என்பதை மறக்காதே. மோடு மாற்றும் எந்த இடத்திலும், போகிறவனிடம் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொல், பிறகு வருகிறவனைக் கூப்பிடு. நீ இப்போது அப்படித்தான் மாற்றி எழுதியிருக்கிறாய். திரைக்கென்று தனி ஞாபகம் வேண்டாம் என்று என் நடுக்கத்துக்காக வைத்ததையும் எடுத்துவிட்டாய். வட்டம் இப்போது நடுங்குகிறது. நடுங்கட்டும்.

அடுத்து நீ செய்ததுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. மேலாளரிடம் போய், தப்பு புரோகிராமில், எழுதியது நான் என்று சொல்லிவிட்டாய். நான் தடுக்க வாயெடுப்பதற்குள் முடித்துவிட்டாய். பிறகு என்னைக் கேட்காமலே வண்டியை உன் சித்தப்பா வீட்டுக்கு விடச் சொன்னாய். வாசல்வரை வந்தேன். உள்ளே வர எனக்குக் கால் வரவில்லை. நீ உள்ளே போய், கட்டிலில் கையைக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவன் முன்னால் மடிக்கணினியை வைத்துச் செய்துகாட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"சித்தப்பா, இதான் நடந்துச்சு. அப்பா பண்ணல. நான் எழுதுனதுல ஓட்ட."

உன் சித்தி, "ஒங்கப்பா சொல்லி அனுப்புனாரா பாப்பா?" என்றாள்.

"அவரு வெளிய நிக்கிறாரு சித்தி. கேட்டுக்குங்க."

அவன் இரண்டு மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னான். வட்டம் போவதையே பார்த்தான். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினான் என்று நினைக்கிறேன். "சரி பாப்பா. இந்த மவுசு எலி பண்ணிருக்கு, ஒத்துக்கறேன். வேணும்னு பண்ணலன்னும் ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. ரெண்டாந்தடவ இழுத்தப்ப படம் வந்துச்சில்ல? தெக்கால ரோட்ட பாத்தாருல்ல? ரோட்டுக்கும் குழிக்கும் நடுவுல என் தோப்புதான இருக்கு. வட்டக் கோடு தோப்புக்கு அந்தாண்ட, குழி பக்கமா நிக்கிது. அது ஒங்கப்பா கண்ணுல படலயா?"

நீ மடிக்கணினியை மூடினாய். அவன் கேட்டது புரோகிராமில் இல்லாத விஷயம்.

கயல், அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தத் தோப்பு திரையில் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து எந்த வரைபடத்திலும் நான் அந்த மூலையைப் பார்ப்பதில்லை. சாலையைப் பார்ப்பேன், ஏரியைப் பார்ப்பேன், என் கண் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். பார்த்தால் அன்று முழுதும் வேலை ஓடாது. அதற்காக என் கண்ணை நானே பழக்கிவைத்திருந்தேன். அது ஒரு பழக்கம் என்பதே அந்த ஜன்னலுக்கு வெளியில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவனைக் கொல்ல நான் நினைத்ததே கிடையாது. ஆனால் அவன் அந்த இடத்தில் இருக்கிறான் என்பதையே நான் வருடக்கணக்காக எண்ணத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். கொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒரு முழம் என்றுதான் சொல்வேன்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். புது வேலையில் இதைப் பற்றிப் பேசும்படி வந்தால், ஓட்டை என்னுடையது என்று நீ சொன்னாய் பார், அதை அப்படியே சொல். பயன்படுத்தியவர் விரலை எடுக்காமல் அமுக்கினார் என்று சேர்க்காதே. அதை நான் சொல்கிறேன். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை என்பதையும் விசாரணையில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, "இத எழுதணும்னு அவசியம் இல்ல சார். புரோகிராம்னு முடிச்சிடலாம்" என்றான். உன்மேல் முடித்துவிடலாம் என்கிறான். அவன்மேல் எனக்கு இருந்த வருத்தத்தில் இதையும் சேர்த்துக்கொண்டேன். இது நியாயமான வருத்தம். எல்லா வருத்தத்தையும் விட்டுவிடு என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கு அது முடியவும் முடியாது. வைத்துக்கொள். ஆனால் யார்மேல் வருத்தமோ அவர்களை மற்றவர்களைவிட ஒரு தடவை அதிகமாகப் பார். வரைபடத்தில் அவர்கள் இருக்கிற மூலையை முதலில் பார்.

நேற்று அடுத்த வெடி. தாளில் தோப்பு வட்டத்துக்குள் இருந்தது. கொடி ஆட்களை ஆளுக்கொரு பாதையில் நிறுத்திவிட்டு, தோப்புப் பாதைக்கு நானே கொடியை எடுத்துக்கொண்டு போனேன். உன் சித்தப்பா, கட்டுப்போட்ட கையோடு, நல்ல கையால் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னையும் கொடியையும் பார்த்தான்.

"ஆளு இல்லயா ஆபீஸ்ல?"

"இருக்காங்க."

"இன்னிக்கித் தோப்பு உள்ளயா, வெளியயா?"

"உள்ள. வெளிய வா."

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். பாதை ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். கொட்டகைப் பக்கமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரையும் குரல்கொடுத்து வரவழைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். காதோரம் முழுக்க வெளுத்திருந்தது. அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் நெற்றி ஏறியிருந்தது. எப்போது இப்படி ஆனான் என்று எனக்குத் தெரியவில்லை; யாரோ ஒரு வயசான ஆள் பக்கத்தில் நிற்பதுபோல் திடுக்கிட்டுப்போனேன். சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது. புழுதி எழுந்து கிழக்கே போனது. தோப்புக்குள் எங்கேயோ ஒரு கல் இலைகளைக் கிழித்துக்கொண்டு விழும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே பார்த்தோம். மறு சங்கு ஊதியபிறகு நான் கொடியைச் சுருட்டினேன்.

"பாப்பா எப்பக் கெளம்புது?" என்றான்.

"ஞாயித்துக்கெழம."

"டேசனுக்கு வரேன்னு சொல்லு. ஒங்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. அதுகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டுக் கூடையிடம் போனான். நான் சொல்லிவிட்டேன், இதோ. ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். நானும் வருவேன். உன் பையை இருவரும் தூக்க வருவோம் என்று நினைக்கிறேன். ஒரு கைக்காரன் அவன், விட்டுக்கொடுத்துவிடுகிறேன். எங்களைப் பேசவைக்க நீ எதுவும் செய்யாதே. ரயில் கிளம்பியபிறகு அந்தப் பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டுபேர்தான் இருப்போம். வெளியே போகும் வழி ஒன்றுதான். நடந்துதான் ஆகவேண்டும்.

உன் அப்பா